எந்த இடம், எந்த நேரம், எந்தக் குச்சி? வாய்ப் பாக்டீரியாவுக்கு மாதிரி எடுக்கும் முறைகள்

ஹைதராபாத் மெட்ரோவில் உப்பலில் ஏறினால் ஹப்சிகூடா மூன்றாவது நிறுத்தம். இந்தச் சின்னத் தொலைவுக்குள் நாட்டின் முக்கியமான இரண்டு உயிரியல் ஆய்வகங்கள் இருக்கின்றன. உப்பல் உள்வட்டச் சாலையில் இருப்பது சி.டி.எஃப்.டி. எனப்படும் டி.என்.ஏ. ரேகை மற்றும் நோயறிதல் மையம். உப்பல் சாலையில் ஹப்சிகூடா பக்கம் இருப்பது சி.சி.எம்.பி. எனப்படும் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம். இந்த இரண்டு இடங்களின் வேலையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வாயிலிருந்து மாதிரி எடுப்பது என்ற எளிய காரியம் ஏன் எளியதல்ல என்பது விளங்கிவிடும்.

டி.என்.ஏ. ரேகைத் துறை கேட்கும் கேள்வி "இவர் யார்?" என்பது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்தாலே அதற்கு விடை கிடைக்கும். வலது கன்னமா இடது கன்னமா, காலையா மாலையா, சாப்பிட்ட பிறகா முன்பா என்பதால் விடை மாறாது. கருவுள்ள எந்தச் செல்லை எடுத்தாலும் ஒருவரின் மரபணுத் தொகுப்பு அதேதான். சி.சி.எம்.பி. 2020-ல் கொரோனா பரிசோதனைக்காகக் கேட்டது "இருக்கிறதா, இல்லையா?" என்ற கேள்வி. அதற்கு வைரஸ் தங்கும் இடமாகப் பார்த்துக் குச்சியைச் செலுத்த வேண்டும். ஆனால் வைரஸின் மரபுப்பொருள் கொஞ்சம் சிக்கினாலும் போதும்.

வாயில் வாழும் பாக்டீரியாவை ஆராய்கிறவரின் கேள்வி இந்த இரண்டிலும் சேராது. எது இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எங்கே இருக்கிறது, யாரோடு சேர்ந்து இருக்கிறது என்று நான்கையும் அவர் ஒருசேரக் கேட்கிறார். இதற்கு விடை இடத்தைப் பொறுத்து மாறும், நேரத்தைப் பொறுத்து மாறும், எடுக்கும் கருவியைப் பொறுத்தும் மாறும். பல் சொத்தை, ஈறு நோய், வாய்ப் புற்றுநோய் என்று வாய்ப் பாக்டீரியாவைத் தொடர்புபடுத்தி வரும் ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படும்போது, பாக்டீரியாவைச் சந்தேகிக்கும் முன் மாதிரி எடுத்த விதத்தைப் பார்ப்பது நல்லது. அந்த முறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது எந்தக் கேள்விக்குப் பொருந்தும், இந்தியச் சூழலில் எது நடைமுறைக்கு வரும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதல் மாதிரிகள்

வாய்ப் பாக்டீரியாவை முதலில் பார்த்தவர் ஹாலந்து நாட்டுத் துணி வியாபாரி ஆன்டனி வான் லீவன்ஹுக். 1683 செப்டம்பரில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில், பல்லிடுக்கில் இருந்த வெள்ளைப் பொருளைச் சுரண்டி மழைநீரிலும் எச்சிலிலும் கலந்து நுண்ணோக்கியில் பார்த்ததைச் சொல்கிறார். தன் வாயோடு நிற்கவில்லை. வாயைச் சுத்தமே செய்யாத ஒரு முதியவரின் பல்லிலிருந்தும் எடுத்துப் பார்த்தார். ஒப்பிட இன்னொருவர் வேண்டும் என்ற எண்ணம் அப்போதே அவருக்கு இருந்திருக்கிறது.

அதைவிடச் சுவையானது அவருடைய பிற்காலக் கடிதம் ஒன்று. முன்பற்களில் இருந்து எடுத்ததில் உயிரோடு அசையும் ஜீவன்கள் தென்படவில்லை. தான் குடிக்கும் சூடான காபி அவற்றைக் கொன்றிருக்கும் என்று ஊகித்தார். பிறகு கடைவாய்ப் பல்லில் எடுத்துப் பார்த்தபோது அவை ஏராளமாக இருந்தன. இடமும் முந்தைய பானமும் முடிவை மாற்றும் என்பதை இத்துறையின் முதல் ஆளே கண்டுகொண்டார்.

இருநூறு ஆண்டுகள் கழித்து, பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் டபிள்யூ. டி. மில்லர் 1890-ல் மனித வாயின் நுண்ணுயிரிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1924-ல் லண்டனில் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இந்தக் காலம் முழுவதும் ஆய்வகத் தட்டில் வளர்கிறதுதான் கணக்கில் வந்தது. ஆக்சிஜன் பட்டாலே செத்துவிடும் பாக்டீரியாக்கள் ஈறுக்குள் கூட்டம் கூட்டமாக இருந்தும், வழியிலேயே மடிந்ததால் பல ஆய்வுகளில் இடம்பெறவில்லை. 1972-ல் சையத், லோஷே என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஆக்சிஜனைக் குறைத்து வைக்கும் ஒரு கடத்து திரவத்தில் பற்படலப் பாக்டீரியாக்கள் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கின்றன என்று சோதித்து வெளியிட்டார்கள். எடுத்த மாதிரியை எதில் போட்டுக் கொண்டுபோவது என்பதும் முறையின் ஒரு பகுதிதான் என்பது அதற்குப் பிறகு நிலைபெற்றது.

வாய்க்குள் எத்தனை ஊர்கள்

மனித வாயில் இதுவரை இனங்காணப்பட்ட பாக்டீரியா இனங்கள் சுமார் 700 இருக்கும். இவற்றுக்கெனத் தனித் தரவுத்தளமே இருக்கிறது. ஆனால் அந்த 700-ம் எல்லா இடத்திலும் பரவிக் கிடப்பதில்லை. ஓயாமல் உதிரும் கன்னச் சவ்வு, சொரசொரப்பான நாக்கு மேற்புறம், உதிரவே உதிராத பல் எனாமல், காற்றுப் புகாத ஈறுக்குழி என ஒவ்வொன்றின் பரப்பும் வேறு, ஈரமும் ஆக்சிஜனும் வேறு. குடியிருப்போரும் வேறு.

அமெரிக்காவின் மனித நுண்ணுயிர்த் தொகுதித் திட்டம் இதைப் பெரிய அளவில் காட்டியது. 2012-ல் வெளியான அதன் முதல் முடிவுகளில் ஆரோக்கியமான 242 பேரிடம் உடலின் பல இடங்களில் மாதிரி எடுத்திருந்தார்கள். அதில் வாயும் தொண்டையும் மட்டும் ஒன்பது இடங்கள்: எச்சில், நாக்கு மேற்புறம், கன்னத்தின் உட்சவ்வு, பல்லை ஒட்டிய கெட்டியான ஈறு, மேலண்ணம், டான்சில், தொண்டை, ஈறுக்கு மேலுள்ள பற்படலம், ஈறுக்குக் கீழுள்ள பற்படலம்.

இந்தத் தரவை வைத்து அதே ஆண்டில் வந்த ஒரு பகுப்பாய்வு, இந்த ஒன்பது இடங்களும் மூன்று குழுக்களாகப் பிரிவதைக் கண்டது. கன்னம், கெட்டி ஈறு, மேலண்ணம் ஒரு குழு. எச்சில், நாக்கு, டான்சில், தொண்டை இன்னொன்று. பற்படலம் இரண்டும் சேர்ந்து மூன்றாவது. இதன் நடைமுறைப் பொருள் பெரிது. எச்சிலை ஆராய்ந்தால் பெரும்பாலும் நாக்கைப் பற்றித் தெரியும். பல்லைப் பற்றித் தெரிய வேண்டுமானால் பல்லைத்தான் சுரண்ட வேண்டும்.

எச்சில்: எளிது, ஆனால் இரவல்

எச்சில் எடுப்பதற்கு மருத்துவர் வேண்டாம், வலி இல்லை, கருவி இல்லை. அதனால் பெரிய கணக்கெடுப்பு என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது எச்சில்தான். சுரப்பிகளிலிருந்து வரும்போது அதில் பாக்டீரியா இருப்பதில்லை. நாக்கையும் கன்னத்தையும் பல்லையும் கழுவிக்கொண்டு வரும் வழியில்தான் ஒரு மில்லிலிட்டரில் பத்துக் கோடி அளவுக்குச் சேர்கிறது. அதாவது எச்சிலுக்கென்று சொந்தப் பாக்டீரியா இல்லை, எல்லாம் இரவல்.

எடுக்கும் விதத்தில் இரண்டு பிரிவு. தலையைச் சற்றுக் குனிந்து, விழுங்காமல், தானாக ஊறுவதைக் குழாய்க்குள் வழியவிடுவது ஒன்று. இதைத் தூண்டாத எச்சில் என்பார்கள். நிமிடத்துக்கு 0.3 மில்லிலிட்டர் போல ஊறும் என்பதால் சில மில்லிலிட்டர் சேர்க்கப் பொறுமை வேண்டும். பாரஃபின் மெழுகைச் சவைக்கச் சொல்லித் துப்பவைப்பது இன்னொன்று. எச்சில் பல மடங்கு சுரந்து வேலை சீக்கிரம் முடியும். ஆனால் சவைக்கும்போது பல்லிலிருந்து படலமும் உரசி விழும், கூடுதல் நீரால் மற்றவை நீர்த்தும் போகும். இரண்டையும் கலந்து ஒரே ஆய்வில் வைப்பது தவறு. காறித் துப்பச் சொன்னால் தொண்டைச் சளியும் சேர்ந்து வரும் என்பதால், துப்பச் சொல்லும்போது பயன்படுத்தும் சொற்களைக்கூட எல்லோருக்கும் ஒன்றாக வைத்திருப்பது நல்ல ஆய்வகங்களின் வழக்கம்.

எச்சிலின் இன்னொரு தொல்லை, அதில் நம் சொந்தச் செல்களும் நிறைய இருப்பது. மொத்த டி.என்.ஏ.வையும் வரிசைப்படுத்தும் முறையில் போனால் கிடைக்கும் தரவின் பெரும்பகுதி மனித டி.என்.ஏ.வாகவே போய்விடும். காசு பாக்டீரியாவுக்குக் கொடுத்து, வாங்குவது மனிதனை என்றாகிவிடும். கூடவே தனியுரிமைக் கேள்வியும் வந்து நிற்கும். பாக்டீரியாவுக்கென்று வாங்கிய எச்சிலில் கொடுத்தவரின் மரபணு முழுதும் இருக்கிறது. அதை என்ன செய்யப்போகிறோம் என்பதை ஒப்புதல் படிவத்திலேயே, அவர் படிக்கும் மொழியில், சொல்லிவிட வேண்டும்.

கொப்பளிப்பு

எச்சிலுக்கு நெருங்கிய உறவு வாய் கொப்பளித்த நீர். குறிப்பிட்ட அளவு உப்புநீரையோ வாய்க்கழுவியையோ குறிப்பிட்ட விநாடிகள் கொப்பளித்துக் குழாயில் துப்பவேண்டும். அமெரிக்காவின் இரண்டு பெரிய நீண்டகாலத் தொடர் ஆய்வுகளில் இப்படிச் சேகரித்து வைத்திருந்த கொப்பளிப்பு மாதிரிகளைப் பின்னாளில் எடுத்து, கணையப் புற்றுநோய் வந்தவர்களின் வாயில் நோய் வரும் முன்பே ஈறு நோய்ப் பாக்டீரியாவான போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் கூடுதலாகத் தென்பட்டதா என்று பார்த்தார்கள். தொடர்பு இருக்கிறது என்று 2018-ல் ‘கட்’ என்ற மருத்துவ இதழில் வெளியான கட்டுரை கூறியது. நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எடுத்து வைத்த மாதிரி என்பதே அதன் பலம். அந்த நீர் எந்த ஈறுக்குழியிலிருந்து பாக்டீரியாவைக் கொண்டுவந்தது என்று சொல்ல முடியாதது அதன் குறை.

இந்தியாவில் கொப்பளிப்பு கொரோனா காலத்தில் பழக்கமானது. நாக்பூரில் உள்ள, நீரி எனப்படும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வகம் உருவாக்கிய உப்புநீர்க் கொப்பளிப்பு முறைக்கு 2021 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒப்புதல் அளித்தது. மூக்குக்குள் குச்சி விட வேண்டாம், தானே கொப்பளித்துத் தானே துப்பிக்கொள்ளலாம் என்பதால் மக்களுக்கும் பிடித்திருந்தது. வாய்ப் பாக்டீரியாக் கணக்கெடுப்புக்கு அந்தப் பழக்கம் ஒரு நல்ல முதலீடு.

பல்லும் ஈறும்: கருவி பேசும் இடம்

பற்படலம் எச்சிலைப் போல இளகியதல்ல. ஒரு கிராம் படலத்தில் பத்தாயிரம் கோடி பாக்டீரியாக்கள் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டிருக்கும். எது எதன்மேல் ஒட்டுகிறது, எது வெளிப்பக்கம், எது உட்பக்கம் என்ற ஒழுங்கும் அதில் உண்டு. 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, பற்படலத்தைக் கலைக்காமல் எடுத்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிறம் கொடுத்து நுண்ணோக்கியில் பார்த்தது. கோரினிபாக்டீரியத்தின் நீண்ட இழைகளைச் சுற்றி மற்றவை முள்ளெலியின் முட்கள் போல அடுக்கி நிற்பது தெரிந்தது. சுரண்டிக் கலக்கி டி.என்.ஏ. எடுக்கும் எந்த முறையாலும் இந்த அடுக்கைக் காட்ட முடியாது. யார் இருக்கிறார் என்று சொல்லலாம், யாருக்குப் பக்கத்தில் யார் என்று சொல்ல முடியாது.

ஈறுக்கு மேலுள்ள படலத்தைக் கியூரெட் என்ற வளைந்த சுரண்டி கொண்டோ, கிருமிநீக்கம் செய்த குச்சி கொண்டோ எடுப்பார்கள். ஈறுக்குக் கீழுள்ளதை எடுக்க இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன: கியூரெட், காகித முனை.

காகித முனையைப் பல் மருத்துவர்கள் பேப்பர் பாயின்ட் என்றே சொல்வார்கள். வேர்ச் சிகிச்சையின்போது பல்லின் கால்வாயை உலர்த்த வைத்திருக்கும், ஊசிபோல் கூரான, உறிஞ்சும் காகிதக் குச்சி அது. வேலை இப்படிப் போகும். முதலில் அந்தப் பல்லைச் சுற்றிப் பஞ்சுருளை வைத்து எச்சில் எட்டாமல் மறைக்கிறார்கள். மேலே தெரியும் படலத்தைச் சுரண்டித் துடைத்துவிடுகிறார்கள். இந்தப் படியைத் தவிர்த்தால் கீழே போகும் குச்சி மேலுள்ளதையே கூட்டிக்கொண்டு போகும். பிறகு மெல்லிய காற்றால் உலர்த்தி, குச்சியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே தடை தட்டும்வரை இறக்கி, பத்து விநாடியோ முப்பது விநாடியோ விட்டு எடுத்துக் குழாயில் போட்டு மூடுகிறார்கள். எடுக்கும்போது ரத்தம் தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்கிறார்கள்.

இரண்டு கருவிகளும் ஒரே குழியிலிருந்து ஒரே பொருளைக் கொண்டுவருவதில்லை. காகித முனை குழியின் வெளிப்புறத்தில் தளர்வாகத் திரியும் பாக்டீரியாவையும் ஈறுத் திரவத்தையும் உறிஞ்சும். வேர்ப்பரப்பில் கெட்டியாக ஒட்டியிருப்பதை அசைக்காது. கியூரெட் அதையும் சேர்த்துச் சுரண்டும். ஆனால் உள்ளே போகும் வழியிலும் வெளியே வரும் வழியிலும் மற்றப் படலத்தையும் இழுத்துவரும், ஈறையும் கொஞ்சம் காயப்படுத்தும். சிகிச்சைக்கு முன்பும் பின்பும் ஒப்பிட வேண்டுமானால் கியூரெட்டில் ஒரு சிக்கல் உண்டு. மாதிரி எடுத்ததே பாதி சிகிச்சை ஆகிவிடும். காகித முனை அந்த வகையில் நல்லது.

எந்தப் பல் என்பதும் முக்கியம். ஒரே வாயில் ஒரு பல்லின் ஈறு நலமாகவும் பக்கத்துப் பல்லின் குழி ஆறு மில்லிமீட்டர் ஆழமாகவும் இருக்கக்கூடும். பல ஆய்வுகளில் ஆழமான நான்கைந்து குழிகளில் எடுத்து ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். செலவு குறையும். ஆனால் நோயுள்ள குழிக்கும் நலமான குழிக்கும் உள்ள வேறுபாடு அந்தக் குழாய்க்குள்ளேயே கரைந்துபோகும்.

சென்னையில் ஓர் எண்ணெய்ச் சோதனை

இடத்தைப் பொறுத்து விடை மாறும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. நல்லெண்ணெய் கொண்டு வாய் கொப்பளிப்பதால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் குறைகிறதா என்று சென்னையில் அசோகன் தலைமையிலான பல் மருத்துவக் குழு சோதித்து 2008-ல் முடிவுகளை வெளியிட்டது. வளரிளம் பருவத்துச் சிறுவர்கள் 20 பேர். பாதிப்பேருக்கு நல்லெண்ணெய், பாதிப்பேருக்கு குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவி. காலம் இரண்டு வாரம். மாதிரியைப் பற்படலத்திலும் எடுத்தார்கள், எச்சிலிலும் எடுத்தார்கள்.

அவர்கள் பயன்படுத்தியது டென்டோகல்ட் என்ற பட்டைச் சோதனை. எச்சிலுக்கான பட்டை சொரசொரப்பான சிறிய பிளாஸ்டிக் துண்டு. மெழுகைச் சவைத்து முடித்ததும் அதை நாக்கில் அழுத்தி எடுத்து, மற்றப் பாக்டீரியாவை அடக்கும் மருந்து சேர்ந்த வளர்திரவத்தில் போட்டு, 37 டிகிரி வெப்பத்தில் இரண்டு நாள் வைத்தால் மியூட்டன்ஸ் கூட்டங்கள் நீலப் புள்ளிகளாகத் தெரியும். புள்ளிகளின் நெருக்கத்தைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். உறைபெட்டியோ வரிசைப்படுத்தும் இயந்திரமோ தேவையில்லை.

நல்லெண்ணெய்க் குழுவில் ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது பற்படலத்தில் புள்ளியியல் கணக்கில் நிற்கும் அளவுக்கு மியூட்டன்ஸ் குறைந்திருந்தது. எச்சிலிலும் குறைந்ததுதான், ஆனால் அந்தக் குறைவு அதே கணக்கில் நிற்கவில்லை. குளோர்ஹெக்சிடின் குழுவில் எச்சிலிலும் தெளிவான குறைவு இருந்தது. அந்தக் குழு எச்சிலை மட்டும் எடுத்திருந்தால் எண்ணெயால் பயன் இல்லை என்று எழுதியிருக்கும். படலத்தை மட்டும் எடுத்திருந்தால் பயன் உண்டு என்று எழுதியிருக்கும். ஆட்கள் அதே ஆட்கள், நாள் அதே நாள். இருபது பேரை வைத்து எண்ணெயைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. மாதிரி எடுக்கும் இடத்தைப் பற்றிச் சொல்ல இது போதும்.

நேரம்

தூங்கும்போது எச்சில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. கழுவும் நீர் இல்லாததால் காலையில் எழுந்தவுடன் வாயில் பாக்டீரியா மிகுந்திருக்கும். பல் துலக்கிக் காபி குடித்த பிறகு எடுப்பது வேறு மாதிரி. ஆகவே சில ஆய்வுகள் துலக்கும் முன் எடுக்கின்றன, சில சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கின்றன. எதைத் தேர்ந்தாலும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நாட்கணக்கிலும் மாற்றம் உண்டு. டென்மார்க்கில் ஹரால்டு லோவும் அவர் குழுவும் 1965-ல் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனையில், ஈறு நலமாயிருந்த 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். பத்து முதல் இருபத்தொரு நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. இடையிடையே எடுத்த படலத்தில் முதலில் உருண்டைப் பாக்டீரியாக்கள், பிறகு இழைகள், கடைசியில் சுருள் பாக்டீரியாக்கள் என்று குடியிருப்பே மாறிக்கொண்டு வந்தது. துலக்கத் தொடங்கியதும் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. ஒரே ஒரு நாள் எடுத்த மாதிரியால் இந்தக் கதையைச் சொல்லியிருக்க முடியாது.

குச்சியிலிருந்து ஆய்வகம் வரை

எடுத்த மாதிரி உடனே மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிக்குப் போவது நல்லது. ஆனால் நல்கொண்டா மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மே மாத வெயிலில் எடுத்த எச்சிலுக்கு அந்த வசதி கிடைக்காது. அறை வெப்பத்தில் சில மணி நேரம் கிடந்தால், வேகமாக வளரக்கூடியவை வளர்ந்தும் மற்றவை அழிந்தும் விகிதம் மாறிப்போகும். இதைத் தடுக்கப் பாதுகாப்புத் திரவம் சேர்த்த குழாய்கள் சந்தையில் உண்டு. ஆயிரக்கணக்கான மாதிரிகளுக்கு அவை கட்டுப்படியாவது கடினம்.

சி.சி.எம்.பி.யின் கொரோனாக் கால அனுபவம் இங்கே உதவக்கூடும். அப்போதைய வழக்கப்படி குச்சியை வைரஸ் கடத்து திரவத்தில் போட்டு, கசியாமல் பொதிந்து, ஆய்வகத்தில் ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, அதன் பிறகே ஆர்.டி.-பி.சி.ஆர். செய்ய வேண்டும். ராகேஷ் மிஸ்ரா இயக்குநராக இருந்தபோது சி.சி.எம்.பி. உருவாக்கிய உலர் குச்சி முறையில் திரவமே இல்லை. குச்சியை உலர்வாகவே அனுப்பி, ஆய்வகத்தில் ஒரு எளிய தாங்கல் கரைசலில் அலசி, சூடாக்கி, பிரித்தெடுக்கும் படியைத் தவிர்த்து நேரே சோதனைக்கு வைத்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 நவம்பரில் இதை ஏற்றது. வழக்கமான முறையோடு ஒத்துப்போன அளவு 96.9 சதவீதம். நேரமும் செலவும் ஏறக்குறைய பாதி குறையும் என்று மதிப்பிட்டார்கள்.

வைரஸுக்கு ஒத்துவந்தது பாக்டீரியாவுக்கும் அப்படியே வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உயிரோடு வளர்த்துப் பார்க்க வேண்டுமானால் உலர்ந்த குச்சி உதவாது, காற்றில்லாச் சூழலில் வாழ்பவை முதலில் போய்விடும். டி.என்.ஏ. மட்டும் போதுமென்றால் நிலைமை வேறு. ஈரம் இல்லாத இடத்தில் பாக்டீரியா வளராது, டி.என்.ஏ. தாங்கும். ஆனால் பிரித்தெடுக்கும் படியைத் தவிர்க்க முடியாது. தடித்த சுவருள்ள பாக்டீரியாக்களை வெறும் சூடு உடைக்காது. நுண்மணிகளோடு சேர்த்துக் குலுக்கியோ நொதி சேர்த்தோ உடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மெல்லிய சுவர் உள்ளவை மட்டும் கணக்கில் ஏறும். அதன் பிறகு, பாக்டீரியாவை இனங்காணப் படிக்கும் 16எஸ் மரபணுவின் எந்தப் பகுதியைப் படிப்பது என்பதும் ஒரு தேர்வு. வாயில் நிறைந்திருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளைப் பிரித்தறிய முதல் மூன்று மாறுபகுதிகள் நான்காவதைவிடக் கைகொடுக்கும்.

இன்னொன்று, வெற்றுக் குச்சி. 2014-ல் சால்ட்டர் என்பவரின் குழு காட்டியதுபோல, டி.என்.ஏ. பிரித்தெடுக்கும் கிட்டுகளிலும் வேதிப்பொருள்களிலுமே பாக்டீரியா டி.என்.ஏ. ஒளிந்திருக்கிறது. எச்சில் போன்ற செழிப்பான மாதிரியில் அது மூழ்கிவிடும். ஒரே ஒரு காகித முனை கொண்டுவரும் சிறு அளவில் அது மேலே வந்து நிற்கும். இந்த எச்சரிக்கை உப்பல் சாலைக்குப் புதிதல்ல. 2005 ஏப்ரலில் ஹைதராபாத் தேசிய பலூன் மையத்திலிருந்து பறந்த பலூன் 20 கி.மீ. முதல் 41 கி.மீ. உயரம்வரை காற்றை உறைகுழாய்களில் பிடித்து வந்தது. அதில் சி.சி.எம்.பி.யின் சிவாஜி உள்ளிட்டோர் மூன்று புதிய பாக்டீரியா இனங்களை இனங்கண்டு 2009-ல் அறிவித்தார்கள். அங்கேயும் முதல் கேள்வி இவை வானத்திலிருந்து வந்தவையா, குழாயிலிருந்து வந்தவையா என்பதே. வாய்க்குள் போகாத ஒரு குச்சியை மற்றவற்றோடு சேர்த்து அதே வழியில் அனுப்பி, அதில் என்ன வருகிறது என்று வெளியிடாத ஆய்வை நம்புவது கடினம்.

யாரிடம் எடுப்பது

வாய்க்குள் எந்த இடம் என்பதைப் போலவே நாட்டுக்குள் யாருடைய வாய் என்பதும் மாதிரி எடுக்கும் கேள்விதான். சி.சி.எம்.பி.யில் லால்ஜி சிங்கும் தமிழ்நாட்டைச் சேர்ந்த தங்கராஜும் ஹார்வர்டு குழுவோடு சேர்ந்து 2009-ல் வெளியிட்ட மரபணு ஆய்வால், 25 சமூகக் குழுக்களைச் சேர்ந்த 132 பேரை வைத்து இந்தியரின் பழைய வரலாற்றைப் பேச முடிந்தது. மரபணு நூற்றாண்டுகளில் மெல்ல மாறுவது. பாக்டீரியா காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் இடையே மாறுவது. அங்கே போதுமான எண்ணிக்கை இங்கே போதாது.

நம் மக்களின் வாய்க்கு நம் கேள்விகள் உண்டு. 2016-17-ல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயதுவந்தோரில் 21.4 சதவீதம் பேர் புகையில்லாப் புகையிலை பயன்படுத்தினார்கள். வெற்றிலையோடு சுண்ணாம்பு போடுகிறவரின் வாயில் காரத்தன்மை ஏறும். பாக்கில் உள்ளவை போன்ற தாவரப் பாலிஃபீனால்கள் மாதிரியோடு கலந்து வந்தால், டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். வினையையே தடுக்கக்கூடும். அப்போது "பாக்டீரியா குறைவு" என்று வருவது வாயின் உண்மையா, வேதிவினையின் தோல்வியா என்று பிரித்தறிய வேண்டும். பற்பசையா, பல்பொடியா, வேப்பங்குச்சியா, நாக்கு வழிக்கிறாரா, கடைசியாக எப்போது நுண்ணுயிர்க்கொல்லி சாப்பிட்டார், ஸ்கேலிங் எப்போது செய்தார் என்ற கேள்விகளும் நம் படிவத்தில் வேண்டும். நாக்கு வழிப்பது மட்டுமே எச்சிலின் கணக்கை மாற்றக்கூடியது. எச்சில் நாக்கின் குழுவைச் சேர்ந்தது என்பதை மறக்கக் கூடாது.

எதற்கு எது

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால் ஒரு பங்கீடு கிடைக்கிறது. ஊர் முழுவதும், மாவட்டம் முழுவதும் ஒப்பிட்டுப் பார்க்க எச்சிலோ கொப்பளிப்போ போதும். வாய் நாற்றத்துக்கு நாக்கு மேற்புறத்தைத் தேய்த்த குச்சி. பல் சொத்தைக்கு அந்தப் பல்லின் படலம், அதிலும் சொத்தை விழுந்த இடத்தையும் விழாத இடத்தையும் தனித்தனியே. ஈறு நோய்க்குக் காகித முனை அல்லது கியூரெட், ஆனால் ஒரு ஆய்வுக்குள் இரண்டில் ஒன்று மட்டும். கன்னத்துப் புண்ணுக்கும் வாய்ப் புற்றுநோய்க்கும் புண்ணின் மேற்பரப்பு, கூடவே அதே ஆளின் எதிர்க் கன்னம். அடுக்கமைவு தெரிய வேண்டுமென்றால் கலைக்காத படலமும் நுண்ணோக்கியும். உயிரோடு வளர்க்க வேண்டுமென்றால் ஆக்சிஜன் புகாத கடத்து திரவம், அதே நாளில் ஆய்வகம்.

புணேயின் தேசிய உயிரணு அறிவியல் மையத்தை முன்வைத்து 2019-ல் பேசப்பட்ட மனித நுண்ணுயிர்த் தொகுதித் திட்டம், 20,600 இந்தியரிடம் எச்சில், மலம், தோல் மாதிரிகளைச் சேகரிக்க எண்ணியது. இவ்வளவு பெரிய கணக்கில் வாய்க்கு எச்சிலைத் தேர்ந்தது இயல்பே. பல் மருத்துவர் இல்லாத ஊரில் இருபதாயிரம் பேரின் ஈறுக்குள் குச்சி விடுவது நடக்காது. ஆனால் எச்சிலை மட்டும் வைத்துச் சொத்தையைப் பற்றியும் ஈறு நோயைப் பற்றியும் முடிவெழுதத் தொடங்கினால், நாக்கைப் பார்த்துவிட்டுப் பல்லைப் பற்றி எழுதியதாகும்.

நடுவழி ஒன்று உண்டு. எல்லோரிடமும் எச்சில் எடுக்கட்டும். பத்தில் ஒருவரிடம் மட்டும், பல் மருத்துவக் கல்லூரி ஒன்றின் துணையோடு, அதே அமர்வில் பற்படலமும் ஈறுக்குழி மாதிரியும் நாக்குத் தேய்ப்பும் சேர்த்து எடுக்கட்டும். இந்த ஆட்களை வைத்து, நம் மக்களிடம் எச்சில் எவ்வளவு தூரம் பல்லைப் பிரதிபலிக்கிறது என்ற அளவுகோலை முதலில் கட்ட வேண்டும். உலர்ந்த குச்சியும் உறைந்த குச்சியும் ஒரே வாயிலிருந்து எடுத்து ஒப்பிடும் சிறு சோதனையை, உலர் முறையில் பழகிய உப்பல் பக்கத்து ஆய்வகங்களே செய்துவிடலாம். அது தேறினால் குளிர்சங்கிலி இல்லாத கிராமங்களும் கணக்குக்குள் வரும்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு வரிசைப்படுத்தும் இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் பெரிதில்லை. ஆனால் நிதி கேட்கும் விண்ணப்பங்களில் இயந்திரத்துக்குப் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கிறது. யார், எங்கே, எப்போது, எதைக் கொண்டு எடுப்பார் என்பதற்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம். அந்தப் பத்தியை நீட்டி எழுதச் சொல்வதும், அதில் எழுதியதைக் களத்தில் செய்தார்களா என்று கேட்பதும் நிதி தருகிறவர்கள் கையில் இருக்கிறது. மாதிரி எடுக்கும்போது நேர்ந்த பிழையை அதன் பிறகு வரும் எந்தக் கணினி நிரலாலும் திருத்த முடியாது.